நண்பரோட வண்டி

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதிச் சவரத்தில், ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் தனக்கென்று ஒரு பொருள் வேண்டும். யாரையும் கேட்காமல் வாங்கியதாக அது இருக்க வேண்டும். யாரும் அதைத் தொடக் கூடாது. யாரும் என்றால் வேறு யாருமில்லை, மனைவிதான்.

முடிவு வீரமானதுதான். ஆள்தான் அதற்குப் பொருத்தமில்லை. அதுவரை அவர் தனியாக எடுத்த பெரிய முடிவு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரலாம் என்பது. அதையும் பாதி வழியில் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் வெயில்.

வீடு மனைவி பேரில் இருந்தது. அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. கடைப் பலகைக்கு என்ன வர்ணம் என்பதிலிருந்து அவர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஃபிரேம் வரை அவள் தேர்ந்தெடுத்தவை. ஊரார் பார்வையையெல்லாம் சரி செய்கிறவர், தன் கண்ணுக்கு எது எடுப்பு என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

மனைவி ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடிப்பதில் அவளுக்குப் பெரிய பேர். அடிக்க மாட்டாள், அதட்ட மாட்டாள். எதிரே உட்கார வைத்துக் குறுக்கே பேசாமல் கேட்பாள். சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பாள். பிள்ளையும் அப்புறத்தைச் சொல்லும். அந்த அப்புறத்துக்கு இன்னொரு அப்புறம். எப்படியும் நாலாவது அப்புறத்தில் தன் காலில் தானே தடுக்கி விழும். இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இந்த வித்தையைப் பற்றி நம்மவருக்கு ஒரு பயமும் வரவில்லை. அது பள்ளிக்கூடத்தோடு சரி என்று நினைத்திருந்தார்.

அந்த வாரமே பழைய சாமான் வியாபாரி ஒருவர் வாசிக்கும் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, ஒரு பெரிய வீட்டு ஷெட்டைக் காலி செய்தபோது கிடைத்த பழைய கார் ஒன்று தன்னிடம் நிற்பதாகச் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

உடைந்த குளியல் தொட்டிகளுக்கும் துருப்பிடித்த கட்டில்களுக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய். வியாபாரி அதை விலக்கினார். இரண்டு வட்ட விளக்குகள், நடுவே பல்வரிசை போல ஒரு குரோமிய வலை. பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட மாமனார் மாதிரி அது அவரை முறைத்தது. அவர் சொக்கிப் போனார். உள்ளே ஏறி உட்கார்ந்தார். பின் சீட்டில் எலிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அடையாளம் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. வாயாலேயே "பாம்" என்றார். ஊரில் நாலு பேர் மரியாதையாகக் கும்பிடும் மனிதர்.

பேப்பர் எங்கே என்று மட்டும் கேட்கத் தோன்றியது.

"பேப்பர் இல்ல சார்."

"பேப்பர் இல்லாம எப்படி?"

"பேப்பர் வெச்சிருக்கறவங்க எல்லாம் இந்த மாதிரி வண்டியா வெச்சிருக்காங்க? பேப்பர் வேணும்னா பின்னாடி வாங்கிக்கலாம். வண்டி வாங்க முடியுமா?"

இதில் ஏதோ நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. கடையில் ஒரு கண்ணாடி விற்க மூன்று தடவை அளவெடுக்கிற ஆள், பதிவுச் சான்றே இல்லாத ஒரு காரை ஒரே பார்வையில் வாங்கிவிட்டார். வியாபாரி ஏதோ ஒரு துண்டுச் சீட்டில் விற்றதாக எழுதிக் கொடுத்தார். மனைவி துணி துவைக்கப் போடும்போது சட்டைப் பையைத் துழாவுவாள் என்ற நினைப்பு வரவே, வீடு போகிற வழியில் அதைச் சுக்கு நூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். அதைத் தன் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மனைவி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினார்கள். சாயந்திரம் அவள் வந்தாள். கொட்டகையைப் பார்த்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல், இது என்ன என்று கேட்டாள்.

பதிலைக் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தார். காலேஜில் கூடப் படித்த நண்பருடைய வண்டி. அவர் வெளிநாடு போயிருக்கிறார். திரும்பி வரும்வரை இங்கே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுக்க முடியவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நண்பரின் பேர் என்ன என்றாள். பேரைத் தயார் செய்ய மறந்திருந்தார். வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னார்.

"அது நம்ம பால்காரர் பேரு."

"அதனால என்ன, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாதா?"

"இருக்கலாமே. அப்புறம்?"

அப்புறம், நண்பருக்குக் காலில் ஆபரேஷன். அதற்குத்தான் வெளிநாடு. அப்புறம், அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். அப்புறம், மருமகள் சரியில்லை. கேட்கக் கேட்க நண்பருக்குச் சதை பிடித்துக்கொண்டே வந்தது. அவள் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: நண்பரின் விலாசம் என்ன. உடம்பு சரியாகட்டும் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடலாமே என்றாள். பெண்களுக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று வியந்தபடி, கற்பனையில் ஒரு தெருவைக் கட்டி, அதில் ஒரு வீட்டைக் கட்டி, கதவு நம்பரோடு சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகள் கொட்டகையில் கழிந்தன. சொந்த வீட்டு மின்விசிறியைத் துடைக்கச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் மனிதர், நண்பரின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துரு சுரண்டினார். மெக்கானிக்கை அழைத்து இன்ஜினை ஓட வைத்தார். சீட்டுக்குப் புது உறை தைத்தார். வேலை முடிந்ததும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும், பெருக்க வேண்டும் காலைத் தூக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் அந்த வண்டியை உயிராக நேசித்தார். அதைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மறுபடி வாயால் "பாம்" என்பார். பாவம் பார்க்கிறவர்களுக்கும் மனசு விட்டுப் போகும்.

மனைவி டீ கொண்டுவந்து கொடுப்பாள். உங்கள் நண்பர் கொடுத்து வைத்தவர் என்பாள். கால் எப்படி இருக்கிறதாம் என்று விசாரிப்பாள். ஒரு தடவை வலது கால் பரவாயில்லையாம் என்றார். போன வாரம் இடது கால் என்றீர்களே என்றாள். இரண்டு காலும்தான் என்று பெருமூச்சு விட்டார்.

இதற்கிடையே வண்டிக்குப் பேப்பர் வாங்க வேண்டும். வாகனப் பதிவு அலுவலகம் ஒரு நீளமான கட்டடம். வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும், பக்கத்து ஜன்னலைக் கேளுங்கள் என்று சொல்வதற்கு ஒருவர். பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள், நாற்காலியைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். வேலை மட்டும்தான் கட்டுப்பாடில்லாமல் கிடந்தது. வாசலில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜெண்டுக்கு எல்லாரும் வைத்த பேர் முத்திரை. முத்திரை விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேப்பர் இல்லாத வண்டிக்குப் பேப்பர் வாங்கணும்னா நெறைய பேப்பர் வேணும் சார்."

வண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று சத்தியம் செய்து ஒரு பிரமாணப் பத்திரம். திருட்டு வண்டி இல்லை என்று போலீஸ் சொல்ல வேண்டும். பிறகு அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டுவார்கள்: இந்த வண்டி மேல் உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். யாரும் வராவிட்டால் வண்டி அவர் பேருக்கு வரும். இத்தனையும் சொல்லிவிட்டு முத்திரை கடைசியாக ஒன்று சொன்னார். வண்டி நிற்கும் இடத்துக்குச் சொந்தக்காரர் யாரோ, அவர் கையெழுத்து வேண்டும்.

பிரமாணப் பத்திரம் ஆயிற்று. ஷெட்டைக் காலி செய்தபோது விலைக்கு வாங்கினேன் என்று உண்மையையே எழுதினார். உண்மை சொல்ல அவருக்கு ஒன்றும் ஆட்சேபனையில்லை, வீட்டுக்கு வெளியே என்றால். போலீஸ்காரர் ஒருவர் வந்து, இன்ஜினுக்குக் கீழே இருந்த நம்பரைச் சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். திருட்டு வண்டி இல்லை என்று தெரிந்தது. பழைய பதிவு ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் தெரிந்தது. சட்டப்படி அந்த வண்டிக்கு உலகத்தில் ஒரு சொந்தக்காரரும் கிடையாது. இதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார்.

மிச்சம் இருந்தது மனைவியின் கையெழுத்து. நண்பர் வண்டிப் பேப்பரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார், வண்டி நம் வீட்டில் நிற்கிறது என்று நீ ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தார். அவள் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளை ஓரமாக வைத்தாள்.

"எழுதித் தரேன். நண்பர் வண்டிதானே? உங்க வண்டி இல்லையே?"

"என்னோடதா? இந்தப் பழைய தகரமா?"

"அப்ப அதையும் நீங்க எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்கு எவனாவது வந்து வண்டி எங்கடான்னு உங்க சட்டையைப் புடிக்கக் கூடாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளே வெள்ளைத் தாளைக் கொடுத்தாள். வாசகத்தையும் அவளே சொன்னாள். இந்த வண்டிக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்லை, இது என்னுடையது என்று எப்போதும் கேட்க மாட்டேன், இது என் நண்பர் இன்னார் விட்டுவிட்டுப் போனது. பால்காரர் பேரைக் கோடிட்ட இடத்தில் நிரப்பி அவர் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு அவள் கையெழுத்துக் கிடைத்தது. கையெழுத்து வாங்கப் போன இடத்தில் தன் தலையெழுத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அவர் கடைக்குப் போகிற வழியில் தினமும் போய்ப் பார்த்து வந்தார். யாரும் உரிமை கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. கெடு முடிய இருந்த சமயத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்னொருவர் மனு கொடுத்திருக்கிறார், விசாரணைக்கு வாருங்கள் என்றார்கள்.

அதிகாரியின் அறைக்குள் நுழைந்தபோது மனைவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் நல்ல புடவை. மடியில் ஒரு ஃபைல். அவரைப் பார்த்து, வாங்க, உட்காருங்க என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல.

அதிகாரி தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பருத்த மனிதர். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இந்த அம்மா வீட்டுக் கொட்டகையில் யாரோ ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவர்கள் வண்டியை எடுத்துக்கொள்ளும்படி அந்த ஆளுக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார்கள். அப்படியொரு ஆளும் இல்லை, அப்படியொரு தெருவும் இல்லை என்று தபால் திரும்பி வந்துவிட்டது. யாரும் கேட்காத வண்டி, நிற்கும் இடத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் போகும். அதுதான் விதி. இப்போது நீங்கள் வேறு உங்களுடையது என்கிறீர்கள். பிரமாணப் பத்திரத்தையும் வெள்ளைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல விலைக்கு வாங்கினேன்னு இருக்கு. ஒண்ணுல சம்பந்தமே இல்லைன்னு இருக்கு. ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

"அந்த ரெண்டாவது, வீட்டு உபயோகத்துக்கு எழுதினது சார்."

அதிகாரிக்குத் தூக்கம் கலைந்தது. வாங்கினதற்கு ரசீது உண்டா என்று கேட்டார். ரசீது சாக்கடையில் போய் வெகுநாளாகியிருந்தது. விற்றவரையாவது கேளுங்கள் என்று நம்மவர் அங்கிருந்தே வியாபாரிக்குப் போன் போட்டார். அதிகாரியின் அறையிலிருந்து பேசுவதாகச் சொன்னதுமே, தான் பழைய கட்டில்தான் விற்பதாகவும் கார் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றும் சொல்லி வியாபாரி போனை வைத்துவிட்டார்.

அப்போது மனைவி அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கேலி இல்லை.

"இந்த வண்டி நான் வாங்கினதுதான்னு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மனுவை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

எவ்வளவு சுலபமான காரியம். நாலைந்து வார்த்தை. வண்டி கிடைத்துவிடும். கதவு, விளக்கு, புது உறை போட்ட சீட்டு, சாத்திக்கொண்டால் கிடைக்கும் அந்த நிம்மதி எல்லாம் கிடைத்துவிடும். அவர் அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அந்த இடம் அதற்குப் பழக்கமில்லாததால் திரும்பிப் போய்விட்டது.

"நண்பர் செத்துட்டார்," என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மனைவி சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"சாகறதுக்கு முன்னாடி, வண்டியை நீயே வெச்சுக்கோன்னு சொன்னார்."

"அப்புறம்?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கல."

"அப்புறம்? நேத்து சாயந்திரம்கூட ரெண்டு காலும் சரியாகித் தோட்டத்துல நடந்தார்னு சொன்னீங்களே."

"நடந்ததுதான் தப்பாப் போச்சு."

செத்தவருக்கு வாரிசு யார், இறப்புச் சான்று எங்கே என்று அதிகாரி கேட்க ஆரம்பித்தார். பிறக்காதவருக்கு இறப்புச் சான்று வாங்க முத்திரையாலும் முடியாது. கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சன்னமாகச் சொன்னார். அந்த அறையில் அன்று சீக்கிரமாக முடிந்த ஒரே வேலை அதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர், எப்போது தெரியும் என்று கேட்டார். முதல் நாள் சாயந்திரமே என்றாள். வண்டியை இழுத்து வந்த கயிற்றைக் கேட்டு வியாபாரி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாராம். சார் கடை பூட்டியிருக்கு, வண்டி வாங்கினாரே, கயிறு அதோடயே போயிடுச்சு என்றாராம். அப்போதே கேட்டிருக்கலாமே என்றார் அவர். எத்தனை தடவை கேட்டேன் என்றாள் அவள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீயோடு வந்து கேட்டேன். நீங்கள் கால் மாற்றிக் கால் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தீர்கள்.

"முதல்லயே சொல்லியிருந்தா நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். எனக்கும் பழைய வண்டின்னா ரொம்பப் புடிக்கும்."

இதுதான் அவரை அதிகம் வருத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பதிவுச் சான்று மனைவி பேரில் வந்து சேர்ந்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் அவளிடம்தான் இருந்தது. அவருடையது எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஸ்கூட்டரிலேயே கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் முதல் நாள் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நீங்களும் வாங்க என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் மதியச் சாப்பாட்டுப் பையை அவர் மடியில் வைத்தாள்.

சந்தைக்குப் பக்கத்து நாற்சந்தியில், சிக்னலில் நின்ற வண்டி அணைந்து போயிற்று. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் அவர் பக்கத்துக் கதவைக் கைநீட்டித் திறந்துவிட்டாள். அவர் சாப்பாட்டுப் பையோடு இறங்கினார். தள்ளினார். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி இருமியது, புகை விட்டது, ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அவர் ஓடிப் போய்க் கதவைப் பிடிக்கப் பார்த்தார். நிறுத்தினா மறுபடி அணைஞ்சிடும், நீங்க பஸ் புடிச்சு வந்துடுங்க, சாப்பாட்டுப் பை பத்திரம் என்று ஜன்னல் வழியே சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

நடைபாதையில் நின்றிருந்த ஒருவர் வண்டி திரும்பி மறைகிறவரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவரிடம் வந்தார்.

"எவ்ளோ அழகான வண்டி சார். உங்களுதா?"

கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லைங்க," என்றார். "நான் தள்ளறவன்."